ஒழுகும் தண்ணீர்ப் பம்பு: பழைய சிறு கார் வைத்திருப்போர் அறிய வேண்டியவை

சங்கத்திற்குச் சொந்தமானதாயினும் சரி, அங்கத்தினர் ஒருவரின் தனி உடைமையாயினும் சரி, ஓடுகின்ற யந்திரம் எதுவும் கவனிப்பாரின்றி நெடுநாள் நிலைப்பதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, அதை முடிந்த பின்னரே நாடாவை ஓட்டுகிறார். வாய்க்காற் கரையில் நண்டு வளை ஒன்று தென்பட்டால் விவசாயி அன்றைக்கே மண்ணிட்டு மிதிக்கிறார். சிறிய பழுது பெரிய நஷ்டமாகுமுன் அதைத் தடுப்பது நம் இரு தொழில்களுக்கும் இயல்பாக அமைந்த அறிவாகும். ஆயினும் காரின் முன்புறத்தில் நாள்தோறும் சொட்டும் சில துளி நீரை மட்டும் நம்மிற் பலர் பொருட்படுத்துவதில்லை. “காலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் போயிற்று” என்று சமாதானம் செய்துகொள்கிறார்கள். அந்த ஒரு செம்புத் தண்ணீர் கடைசியில் என்ஜினையே விலையாகக் கேட்கும் என்பதையும், அந்நஷ்டத்தைத் தவிர்க்கும் வழியையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, குடியாத்தம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களில் பழைய கார்கள் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. லுங்கிக் கட்டுகளைக் கடைக்குச் சேர்ப்பதற்கும், காய்கறி மூட்டையைச் சந்தைக்குக் கொண்டு செல்வதற்கும், நள்ளிரவில் நோயாளியை வேலூருக்கு அழைத்துச் செல்வதற்கும் அவை பயன்படுகின்றன. பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியார் இத்தாலிய நாட்டுப் பியட் 1100 காரை ஒட்டிச் செய்ததும், 1974 முதல் பத்மினி என்ற பெயரோடு வெளிவந்ததுமான 1089 சி.சி. கார் அவற்றுள் ஒன்று. 1983 டிசம்பரில் முதன்முதலாக வெளிவந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 மற்றொன்று. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 மே மாதம் வரை செய்யப்பட்ட அம்பாசடரைச் சிறு கார் என்று சொல்ல இயலாதாயினும், தண்ணீர்ப் பம்பைப் பொறுத்தவரை அதுவும் பத்மினியின் உறவினமே. இம்மூன்றும் இப்போது உற்பத்தியில் இல்லை. ஆகவே என்ஜின் பாழானால் அதற்கு ஈடாக வேறொன்றைத் தேடிப் பெறுவது எளிதன்று. உள்ளதைக் காப்பதே அறிவுடைமை.

பம்பு எதற்கு?

பெட்ரோலில் அடங்கிய வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. ஏறத்தாழ இன்னொரு பங்கு என்ஜினின் சுவர்களில் ஏறுகிறது. இந்த வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிடில் எண்ணெய் எரிந்து, பிஸ்டன் விரிந்து, சிலிண்டரோடு இறுகிப்போகும். அவ்வாறு நேராதிருக்க, சிலிண்டர்களைச் சுற்றி நீர் ஓடும் அறைகளை அமைத்திருக்கிறார்கள். சுடேறிய நீர் மேல் ஹோஸ் வழியே ரேடியேட்டருக்குச் சென்று, மெல்லிய குழாய்களில் இறங்கி, காற்றுப்பட்டு ஆறி, கீழ் ஹோஸ் வழியே மீண்டும் என்ஜினுக்குள் வருகிறது. இந்தச் சுற்றோட்டத்தை நடத்துவதே தண்ணீர்ப் பம்பு.

பம்பே இல்லாமலும் இச்சுற்று நடைபெற்ற காலம் உண்டு. அமெரிக்காவில் 1908 முதல் 1927 வரை செய்யப்பட்ட போர்டு டி மாடல் கார்களில் தொடக்கத்தில் வந்த சிலவற்றைத் தவிர ஏனையவற்றுக்குப் பம்பு கிடையாது. வெந்நீர் இலேசானதால் தானே மேலெழும்; ஆறிய நீர் கனத்துக் கீழே இறங்கும்; அந்த இயற்கை விதியே போதுமானதாயிருந்தது. ஆனால் என்ஜினின் வேகமும் சக்தியும் பெருகியபோது அம்மெதுவான ஓட்டம் போதவில்லை. ஏலகிரி மலையின் பதினான்கு கொண்டையூசி வளைவுகளையும் சித்திரை வெயிலில் ஐந்து பேரோடு ஏற வேண்டிய காருக்குப் பம்பு ஓடியே தீரவேண்டும்.

கிணற்று மோட்டாரை அறிந்த விவசாயிக்குக் காரின் பம்பு புதிதன்று. இரண்டும் ஒரே இனத்தவை. உள்ளே ஒரு சிறு சக்கரம்; அதில் வளைந்த இறகுகள்; சக்கரம் சுழலும்போது நடுவில் வந்த நீர் ஓரத்திற்கு வீசப்பட்டு அழுத்தம் பெறுகிறது. கிணற்றில் அதைச் சுழற்றுவது மின்சாரம். பத்மினி, அம்பாசடர் ஆகிய கார்களில் அதைச் சுழற்றுவது என்ஜினின் முன்புறக் கப்பியிலிருந்து வரும் பெல்ட்டு. அதே பெல்ட்டுதான் டைனமோவையும் சுழற்றுகிறது. காற்றிழுக்கும் விசிறியும் பம்பின் அச்சிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. மாருதி 800 காரில் விசிறி தனி மின் மோட்டாரால் இயங்குவது.

ஒழுக்கு எங்கிருந்து வருகிறது?

பழைய கவலை ஏற்றத்தை நம் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். சாலோடு இணைந்த தோல் கிழிந்துவிட்டால், மாடுகள் எவ்வளவு இழுத்தாலும் பாதி நீர் கிணற்றுக்கே திரும்பும். கைப்பம்பிலும் உள்ளேயிருக்கும் தோல் வாஷர் காய்ந்து சுருங்கினால் நீர் ஏறாது. யந்திரம் எதுவாயினும் நீர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது ஒரு சிறு அடைப்பை நம்பியே இருக்கிறது.

காரின் பம்பில் அந்த அடைப்புக்குச் சீல் என்று பெயர். ஒருபுறம் கொதிநிலையை நெருங்கிய நீர். மறுபுறம் மசகு நிறைந்த பேரிங். இரண்டுக்கும் நடுவே சுழலும் அச்சு. சுழலும் முகம் ஒன்றும் அசையாத முகம் ஒன்றும் ஒரு சுருள்வில்லின் அழுத்தத்தால் ஒன்றோடொன்று உராய்ந்து நீரைத் தடுத்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்று பெரும்பாலும் கரியால் ஆனது. கிணற்றுப் பம்பின் கிளாண்டில் திணிக்கும் கயிறு சற்றே சொட்டிக்கொண்டிருப்பது நல்லது. அந்தச் சொட்டு அதைக் குளிர்விக்கும். காரின் சீல் அத்தகையதன்று. அதில் கண்ணுக்குத் தெரியும் ஒழுக்கே இருக்கலாகாது.

சீல் தேய்ந்தால் நீர் பேரிங்கினுள் புகும். அவ்வாறு புகாமல் வெளியேறுவதற்காகவே பம்பின் உடலின் அடிப்புறத்தில் ஒரு சிறு துளை விட்டிருக்கிறார்கள். அத்துளையில் நீர் வடிந்தால், “என் சீல் தீர்ந்துவிட்டது” என்று பம்பே நம்மிடம் சொல்வதாகக் கொள்ளவேண்டும். சிலர் அத்துளையையே ஒழுக்கு என்றெண்ணிப் பிசின் வைத்து அடைத்துவிடுகிறார்கள். வாயை மூடினால் நோய் தீராது. அடைபட்ட நீர் பேரிங்கினுள் சென்று மசகைக் கழுவிவிடும். பேரிங் துருவேறி ஆடத் தொடங்கும். அச்சு முறிந்தால் விசிறி ரேடியேட்டரைக் கிழித்துவிடும்.

நம் பகுதித் தண்ணீரும் பம்பின் ஆயுளும்

ஒரு சீல் விரைவில் தேய்வதற்குப் பல காரணங்கள் உண்டு. பெல்ட்டை அளவுக்கு மீறி இழுத்துக் கட்டுதல், தண்ணீர் இல்லாமல் ஓட்டுதல், வயது ஆகியன எல்லா ஊர்களுக்கும் பொது. நம் பகுதிக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. அது நாம் ரேடியேட்டரில் ஊற்றும் தண்ணீர்.

பாலாற்றங்கரையின் பல கிணறுகளில் நீர் உப்பேறியது என்பதை நாம் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தோல் பதனிடுவதற்கு முன் தோலைக் கெடாமல் வைக்க உப்பிடுகிறார்கள்; பதனிடும்போதும் பல உப்புகள் சேர்கின்றன; சுத்திகரிக்கப்படாமல் நெடுங்காலம் வெளியேறிய கழிவு நீர் மண்ணிலும் கிணற்றிலும் தங்கிவிட்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்படுத்தியது. நிலத்திற்கும் பயிருக்கும் நேர்ந்த கேட்டைப் பற்றி அத்தீர்ப்பை ஒட்டிப் பலர் பேசியிருக்கிறார்கள். அதே நீர் இரும்புக்கும் அலுமினியத்திற்கும் செய்யும் கேட்டை நாம் இங்கே கவனிப்போம்.

உப்புநீர் மூன்று வகையில் தீங்கு செய்கிறது. முதலாவது, சுடேறும்போது அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பாத்திரத்தின் அடியில் படிவதுபோல் என்ஜின் அறைகளிலும் ரேடியேட்டர்க் குழாய்களிலும் படிகிறது. வெப்பம் அப்படிவைத் தாண்டி நீருக்கு எளிதில் செல்வதில்லை. இரண்டாவது, உப்பு உலோகத்தை அரிக்கிறது; பம்பின் இறகுகள் தின்னப்பட்டு மெலிகின்றன. மூன்றாவது, உதிர்ந்த படிவும் துருத்துகளும் மணல்போல் நீரோடு சுழன்று சீலின் மெல்லிய முகங்களைக் கீறுகின்றன. ஒழுகும் பம்பில் நாள்தோறும் கிணற்று நீரை ஊற்றுவதனால் இத்தீங்கு பன்மடங்காகிறது. நிரப்பிய நீர் மாறாமலிருந்தால் அதிலுள்ள உப்பு ஓரளவோடு நிற்கும். ஒழுகிய இடத்திற்குப் புதுநீர் வர வர, புது உப்பும் வந்துகொண்டேயிருக்கும்.

அறிகுறிகள்

இரவில் காரை நிறுத்தும்போது அதன் முன்பகுதியின் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் இருந்தால், அது எதற்கு நேர்கீழே இருக்கிறது என்று பாருங்கள். குளிர்சாதனம் உள்ள காரில் அதிலிருந்து வடியும் தெளிந்த நீர் குற்றமற்றது. பச்சை, நீலம், துருச்சிவப்பு முதலிய நிறமுடைய நீர் ரேடியேட்டர் நீரே. பம்பைத் துணியால் நன்கு துடைத்து உலர்த்தி, அதன்மேல் சுண்ணத்தூளைத் தூவி, என்ஜினைச் சற்றுநேரம் ஓட்டி, நிறுத்திய பின் பார்த்தால் ஈரத்தின் தடம் தெளிவாகத் தெரியும். துளையிலிருந்து கீழ்நோக்கி வெள்ளைப் படிவாகவோ துருக்கோடாகவோ பழைய தடம் இருந்தால் ஐயமே வேண்டாம்.

அடுத்து, என்ஜின் நின்று ஆறியிருக்கையில் விசிறியின் எதிரெதிர் இறகுகளைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அச்சு ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. என்ஜின் ஓடும்போது முன்புறத்தில் கிறீச்சென்ற ஒலியோ அரைக்கும் ஒலியோ கேட்டாலும் அதுவே பொருள். மின்விசிறி உள்ள கார்களில் பம்பின் கப்பியை அசைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் தண்ணீர் குறைவதெல்லாம் பம்பின் குற்றமன்று. ஹோஸ் வெடித்திருக்கலாம், அதன் கவ்வி தளர்ந்திருக்கலாம், ரேடியேட்டரில் ஊசித்துளை இருக்கலாம். வெளியே எங்கும் ஈரமில்லாமல் தண்ணீர் குறைந்து, புகைக்குழாயில் வெண்புகை வந்து, எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால், சிலிண்டர்த் தலையின் காஸ்கெட் போய்விட்டதென்று ஐயுறலாம். அந்நிலையில் பம்பை மாற்றுவது வீண்செலவு. ஆகவே காரணத்தை உறுதி செய்த பின்னரே பணத்தை எடுக்க வேண்டும்.

செய்யத்தகாத வைத்தியங்கள்

மஞ்சள்தூளை ரேடியேட்டரில் கொட்டுவது வழிப்பயணத்தில் டிரைவர்கள் கையாளும் ஒரு பழைய முறை. ரேடியேட்டரின் ஊசித்துளையைச் சற்றுநேரம் அது அடைக்கக்கூடும். வீடு வந்து சேர உதவவும் கூடும். ஆனால் சுழலும் அச்சின் ஒழுக்கை எந்தத் தூளும் அடைக்காது. அத்தூள் மெல்லிய குழாய்களில் தங்கி, மேலும் சூட்டையே வளர்க்கும்.

கார் சுடேறுகிறதென்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இரண்டாவது தவறு. என்ஜின் தக்க சூட்டை அடைவதற்காகவே அது இருக்கிறது. அதை நீக்கினால் பெட்ரோல் மிகுதியாகும், என்ஜின் தேய்மானமும் கூடும், ஒழுக்கோ நின்றபாடில்லை.

மூன்றாவது தவறு மிகவும் ஆபத்தானது. சுடேறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல். மூடி ஓர் அழுத்தத்தை அடக்கி வைப்பதால், பிரஷர் குக்கரிற்போல, உள்ளே நீர் நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த கணத்தில் அழுத்தம் விடுபட்டு, நீர் ஆவியாய்ச் சீறி முகத்தில் பாயும். சூடான என்ஜினில் குளிர்ந்த நீரைச் சட்டென்று ஊற்றுவதும் உலோகத்தில் விரிசலை உண்டாக்கும். வழியில் சூடு ஏறினால் நிழலில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, கை வைத்துப் பொறுக்கும் அளவு ஆறும் வரையில் காத்திருப்பதே முறை.

மாற்றும் முறை

பத்மினி, அம்பாசடர் ஆகியவற்றைப் போல் பம்பு என்ஜினின் முன்னே வெளிப்படையாக அமைந்த கார்களில், கருவிகளைக் கையாளத் தெரிந்தவர் இவ்வேலையை வீட்டிலேயே செய்யலாம். பிற்காலக் கார்கள் சிலவற்றில் பம்பை எடுக்க டைமிங் பெல்ட்டையும் கழற்ற நேரும். அதன் குறி ஒரு பல் பிசகினாலும் என்ஜின் சரியாக ஓடாது. சில என்ஜின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளைந்தும் போகும். அத்தகைய வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே சிக்கனம். எதைச் செய்யுமுன்னும் அந்தந்தக் காரின் கைப்புத்தகத்தைப் பார்த்துக்கொள்க.

முதலில் புதுப் பம்பையும், அதற்குரிய காஸ்கெட்டையும், பெல்ட்டையும், கீழ் ஹோஸையும் வாங்கி வைத்துக்கொண்டே பழையதைக் கழற்றத் தொடங்க வேண்டும். புதுப் பம்பு கிடைக்காவிடில், பழைய பம்பின் உடலிலேயே புதுப் பேரிங்கும் சீலும் அச்சும் அழுத்தி ஏற்றித் தரும் பட்டறைகள் உண்டு. உடலில் விரிசலோ அரிப்போ இல்லாதிருந்தால் அதுவும் தக்க வழியே. சுத்தியால் அடித்து ஏற்றிய சீல் நிலைக்காது. அழுத்தும் யந்திரம் உள்ள பட்டறையையே நாட வேண்டும்.

என்ஜின் முழுதும் ஆறிய பின், பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக. மின்விசிறி உள்ள காரில் இது மிக அவசியம். என்ஜின் நின்றிருந்தாலும் விசிறி திடீரென்று சுழலக்கூடும். பின்னர் ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்து நீரை ஒரு பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். நிறமுள்ள கூலண்டைத் தரையிலோ வாய்க்காலிலோ விடலாகாது. அதிலுள்ள எதிலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையும் கொடிய நஞ்சும் உடையது. கன்றோ நாயோ நக்கினால் உயிருக்கே ஆபத்து. ஒரு தொழிலின் கழிவுநீர் நம் கிணறுகளை என்ன செய்தது என்பதைக் கண்ட நாம், நம் பங்குக்கு அதே பிழையைச் செய்யலாமா?

விசிறியையும் கப்பியையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளை, பெல்ட்டு இறுக்கமாக இருக்கும்போதே ஒருமுறை தளர்த்திவிடுக. பெல்ட்டை எடுத்த பின் கப்பி கையோடு சுழலும்; போல்ட்டு கழலாது. அதன்பின் டைனமோவின் போல்ட்டைத் தளர்த்தி, அதை உள்ளே தள்ளிப் பெல்ட்டை எடுக்க வேண்டும். இடம் போதாவிடில் ரேடியேட்டரைக் கழற்றி அப்பால் வைத்துவிடுவது மேல். அதன் மெல்லிய தகடுகளில் ஸ்பானர் இடித்தால் மற்றோர் ஒழுக்கு உண்டாகும். ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல் திருகி எடுக்கவும். அல்லது ஹோஸை நீளவாட்டில் அறுத்துவிடவும். ஹோஸின் விலை சிறிது. ரேடியேட்டர்க் கழுத்தின் விலை பெரிது.

பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமாயிருப்பதில்லை. ஓர் அட்டையில் பம்பின் உருவை வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்தில் துளையிட்டுச் செருகி வைத்தால் குழப்பம் வராது. நீளமான போல்ட்டைக் குட்டையான துளையில் முறுக்கினால் உள்ளே உலோகம் விரிந்து உடையும். துருவேறி இறுகிய போல்ட்டில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓரிரவு ஊற விடுக. பலத்தால் முறுக்கித் தலையை ஒடித்தால், ஒருமணி நேர வேலை பட்டறையில் ஒருநாள் வேலையாகும். பம்பு ஒட்டிக்கொண்டிருந்தால் மரச்சுத்தியால் பக்கவாட்டில் மெல்லத் தட்டவும். திருப்புளியை இடையில் செருகி நெம்பினால் முகத்தில் கீறல் விழும். அக்கீறலில் புதுப்பம்பும் ஒழுகும்.

பழைய பம்பு கையில் வந்ததும் அதையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிடுக. துளைகளின் இடம், அச்சின் உயரம், கப்பி அமரும் முகம், இறகுகள் வளைந்திருக்கும் திசை ஆகிய நான்கும் ஒத்திருக்க வேண்டும். இறகு எதிர்த்திசையில் வளைந்த பம்பு நன்கு பொருந்தும். ஆனால் நீரைச் சரியாகத் தள்ளாது.

என்ஜினின் முகத்தில் ஒட்டிய பழைய காஸ்கெட்டைச் சுரண்டுமுன், துகள் உள்ளே விழாதபடி துளையில் துணியைத் திணிக்கவும். வேலை முடிந்ததும் துணியை மறவாமல் எடுக்கவும். இச்சமயத்தில் ரேடியேட்டரையும் என்ஜின் அறைகளையும் நீரோட்டத்திற்கு எதிர்த்திசையில் கழுவிவிட்டால் பழைய படிவுகள் பெரும்பாலும் வெளியேறும். அழுக்கைக் கழுவாமல் புதுப்பம்பைப் பூட்டுவது, குளிக்காமல் புத்தாடை உடுப்பதைப் போன்றது.

புதுக் காஸ்கெட்டை மெல்லிய பூச்சோடு வைத்து, போல்ட்டுகளை எல்லாம் முதலில் கையால் முறுக்கி, பின் எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். நீரறைக்குள் நுழையும் போல்ட்டுகளின் மரையில் நீர் கசியாத பசையைத் தடவுக. கப்பி, விசிறி, ஹோஸ், பெல்ட்டு ஆகியவற்றைக் கழற்றியதற்கு எதிர்வரிசையில் பூட்டுக. பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் அமிழ வேண்டும். தளர்ந்திருந்தால் வழுக்கும்; இறுகியிருந்தால் புதுப்பேரிங்கைத் தின்னும். பாவின் இழுவிசையை விரலால் அறியும் நெசவாளருக்கு இது கைவந்த கலையே.

நீர் நிரப்புதல்

கிணற்று நீர் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரும் நல்ல கூலண்டும் சரிபாதியாகக் கலந்து நிரப்புவது சிறந்தது. நம் ஊரில் நீர் உறையும் குளிர் இல்லையே, கூலண்டு எதற்கு என்று கேட்பர். அது கொதிநிலையை உயர்த்துவதோடு, துருவையும் அரிப்பையும் தடுக்கும் சரக்குகளையும் உடையது. நமக்கு வேண்டியது அப்பயனே. காய்ச்சி வடித்த நீர் கிடைக்காத இடத்தில், முதல் மழைக்குப் பின் சுத்தமான பாத்திரத்தில் நேரே பிடித்து வடிகட்டிய மழைநீர் கிணற்று நீரைவிட மேல்.

நீரை மெல்ல ஊற்றி, கழற்றிய பாட்டரிக் கம்பியை மீண்டும் பூட்டி, மூடியைத் திறந்து வைத்தபடியே என்ஜினை இலேசாக ஓட விடுக. உள்ளே சிக்கிய காற்று குமிழிகளாக வெளிவரும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சுடும். நீர்மட்டம் சற்று இறங்கும். குறைவை நிரப்பி மூடுக. காற்றுக் குமிழி உள்ளே தங்கினால் அவ்விடத்தில் உலோகம் மட்டும் கொதிக்கும். அளவுமானியோ சரியாகவே காட்டக்கூடும். மறுநாட்காலை என்ஜின் ஆறியபின் மட்டத்தை மீண்டும் பார்க்கவும். சுமார் நூறு கிலோமீட்டர் ஓடிய பின் பெல்ட்டையும் ஹோஸ் கவ்விகளையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டால் வேலை முடிந்தது.

சங்கத்தின் வண்டியாயின்

இனி, தணிக்கை செய்வோர் என்ற முறையில் ஒரு வார்த்தை. சங்கமொன்றின் வண்டிப் பதிவேட்டை நாம் பார்வையிட்டபோது, பெட்ரோல் கணக்கு பைசா சுத்தமாக எழுதப்பட்டிருந்தது. ஓரத்தில் “தண்ணீர் ஊற்றியது” என்ற குறிப்பு, முதலில் வாரத்திற்கொன்றாகவும், பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாளும், பிறகு நாள்தோறும் காணப்பட்டது. இரண்டு மாதத்திற்குப் பின் சிலிண்டர்த் தலை வளைந்து, என்ஜின் முழுவதையும் பிரித்த பட்டறைச் சீட்டு வவுச்சராக இருந்தது. கொள்முதல் நாளன்று வண்டி நடுவழியில் நின்றதால் துணிக்கட்டுகள் காலத்தில் சேரவில்லை. அந்நஷ்டத்திற்கு எந்தக் கணக்கிலும் தலைப்பு இல்லை; அதை ஏற்றவர்கள் கூலிக்குக் காத்திருந்த நெசவாளர்களே. எழுதிய டிரைவர் குற்றவாளி அல்லர். அவர் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார். எழுதியதைப் படிக்க ஆளில்லாததே குறை.

ஆகவே வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கமும் பதிவேட்டில் கிலோமீட்டர், பெட்ரோல், எண்ணெய் ஆகியவற்றோடு ஊற்றிய நீரின் அளவுக்கும் ஒரு பத்தியை ஒதுக்க வேண்டும். காரியதரிசி வாரம் ஒருமுறை அதைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். ஒரே மாதத்தில் இருமுறைக்கு மேல் நீர் ஊற்ற நேர்ந்தால் காரணத்தைக் கண்டறியும்படி தீர்மானம் செய்துகொள்ளலாம். பம்பு மாற்றிய சீட்டோடு பழைய பம்பையும் சங்கத்திற்குக் கொண்டுவரச் செய்து, தணிக்கை முடியும் வரையில் வைத்திருக்க வேண்டும். பழைய உருப்படி கண்முன் இருக்கும்போது வீண் ஐயத்திற்கும் இடமில்லை, பொய்ச் சீட்டுக்கும் இடமில்லை. இது டிரைவரையும் மெக்கானிக்கையும் அவமதிப்பதன்று. நேர்மையாளரைக் காக்கும் முறை. தேய்மான நிதியிலிருந்து சிறு பழுதுகளுக்கு ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதும் நலம். அனுமதி பெறுவதற்காகக் கமிட்டிக் கூட்டம் வரையில் ஒழுகவிட்ட வண்டி, அக்கூட்டத்திற்குள் பெருஞ்செலவை வைத்துவிடும்.

தனித்தனியே பழைய கார் வைத்திருக்கும் அங்கத்தினர்களும் ஒத்துழைத்தால் பயன் பெறலாம். ஒரே வகைக் கார் நான்கைந்து உள்ள ஊரில், பம்பு, பெல்ட்டு, ஹோஸ் ஆகியவற்றை ஒன்றுசேர்ந்து வாங்கிப் பொதுவில் வைத்துக்கொண்டால், உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு உருப்படி தேடி ஒவ்வொருவரும் வேலூருக்கும் சென்னைக்கும் அலைய வேண்டியதில்லை. ஒருவர் கற்ற வேலை மற்றவர்க்கும் உதவும்.

பம்பு ஒன்றின் விலையையும் என்ஜின் ஒன்றைப் பிரித்துப் பூட்டும் கூலியையும் உங்கள் ஊர்ப் பட்டறையில் விசாரித்து, இரண்டையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். நாளைக் காலையில் காரை எடுக்குமுன் குனிந்து அதன் கீழே பார்ப்பதற்கு அந்தத் தாளே போதிய காரணமாகும்.